ஸ்வீட் கார்ன் நாத்தும் 1779ஆம் வருஷத்துப் படையெடுப்பும்

"மக்காச்சோளத்துக்குப் போய் யாராவது நாத்து விடுவாங்களாடா?"

ஜன்னலோரமா வரிசையா நிக்க வெச்சிருந்த டாய்லெட் பேப்பர் அட்டைக் குழாய்களைப் பாத்துட்டு எங்கம்மா கேட்ட கேள்வி இது. ஊர்லேர்ந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. நெல்லுக்கு நாத்து விடுவோம், கேழ்வரகுக்கு விடுவோம், மொளகா, கத்திரிக்கு விடுவோம். சோளத்தை ஏர் பின்னாடியே போட்டுக்கிட்டுப் போறதுதானே வழக்கம்? அதுவும் எங்க பெரம்பலூர்ப் பக்கத்துல மக்காச்சோளம்னா கோழித் தீவனம். அதுக்கு இப்படித் தொட்டில் கட்டித் தாலாட்டுறானே பிள்ளைன்னு அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

அம்மா கேட்டதுல தப்பே இல்லை. அதுக்கு நான் பதில் தேடப் போய்த்தான் இந்தப் பதிவே வந்தது. விவசாயக் குறிப்புன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். பாதியில சரித்திரத்துக்குள்ள போயிடுவேன். பரவாயில்லைன்னா கூட வாங்க.

நான் இருக்கிறது நியூயார்க் மாநிலத்தோட மேற்குப் பக்கம். நியூயார்க்னு சொன்னதும் ஊர்ல எல்லாரும் உயரமான கட்டடத்தைத்தான் நினைச்சுக்கிறாங்க. இங்க கட்டடமும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஏரி, ஆப்பிள் தோட்டம், சோளக்கொல்லை. அவ்வளவுதான். மே மாசம் பாதி வரைக்கும் ராத்திரியில உறைபனி விழும். செப்டம்பர் கடைசியில திரும்ப வந்துடும். நடுவுல கிடைக்கிற நாலு மாசத்துலதான் நம்ம வித்தையை எல்லாம் காட்டணும்.

முதல் வருஷம் அம்மா சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். மே நடுவுல நேரா மண்ணுல விதைச்சேன். சூப்பர் ஸ்வீட் ரகம், பாக்கெட் மேல இருந்த படமே எச்சில் ஊற வெச்சது. பத்து நாள் ஆச்சு, ஒரு முளை காணோம். நோண்டிப் பாத்தா விதை எல்லாம் அழுகிப் போய்க் கூழா இருந்தது. தப்பிப் பிழைச்ச நாலஞ்சையும் காக்கா பிடுங்கிப் போட்டுடுச்சு.

ரெண்டாம் வருஷம் புத்திசாலித்தனமா ஏப்ரல் தொடக்கத்துலயே வீட்டுக்குள்ள சின்னக் கப்புல நாத்து விட்டேன். நல்லா வளந்துது. குளிர் போகட்டும், போகட்டும்னு ஆறு வாரம் உள்ளேயே வெச்சிருந்து அப்புறமா நட்டேன். முழங்கால் உயரம் வர்றதுக்குள்ள எல்லாம் பூவெடுத்துடுச்சு! கதிர் எவ்வளவு பெருசுன்னு கேட்காதீங்க. சுண்டுவிரல் அளவு.

ரெண்டு தடவை தோத்ததுக்கு அப்புறம்தான் 'ஏன்'னு கேட்கத் தோணிச்சு. அந்த 'ஏன்' என்னை எங்கெங்கேயோ கூட்டிட்டுப் போயிடுச்சு.

மொதல்ல சோளத்தோட ஜாதகத்தைப் பாத்துடுவோம். மக்காச்சோளம்னு நாம சொன்னாலும் மெக்காவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இத்தாலிக்காரங்க இதைத் துருக்கி தானியம்னு சொல்றாங்க. துருக்கிக்காரங்க எகிப்துன்னு சொல்றாங்க. எங்கேயோ தூரத்துலேர்ந்து வந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும், எங்கேர்ந்துன்னுதான் தெரியலை. உண்மையில தாய்வீடு தெற்கு மெக்சிகோ, பால்சாஸ் ஆத்துப் பள்ளத்தாக்கு. ஏறத்தாழ 9,000 வருஷத்துக்கு முன்னால அங்க இருந்த மக்கள் தியோசிண்டேங்கிற ஒரு காட்டுப்புல்லை வளக்க ஆரம்பிச்சாங்க. அந்தப் புல்லோட கதிர்ல பத்துப் பன்னிரண்டு மணிதான் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் கல்லு மாதிரி ஒரு ஓடு. அதைத் தலைமுறை தலைமுறையாத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து நாம இன்னிக்குப் பாக்கிற கதிரா மாத்தினாங்க. மாத்தினதுல ஒரு விஷயம் நடந்துபோச்சு. சோளத்துக்குத் தானா விதை பரப்பத் தெரியாது. மட்டைக்குள்ள இறுக்கமா மூடின கதிர் கீழே விழுந்தா நூறு முளை ஒரே இடத்துல முண்டியடிச்சுச் செத்துப் போகும். மனுஷன் உரிச்சு, உதுத்து, நட்டாத்தான் அதுக்கு அடுத்த பிறவி. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால வேணும்.

சரி, இனிப்பு எங்கேர்ந்து வந்தது? சாதாரண சோளம் முத்தும்போது சர்க்கரையை மாவுச்சத்தா மாத்திச் சேமிச்சு வெச்சுக்கும். ஒரே ஒரு மரபணுவுல கோளாறு வந்தா இந்த வேலை பாதியில நின்னுடும், சர்க்கரை தங்கிடும். காய்ஞ்சா மணி சுருங்கிப் போகும். இந்தக் கோளாறு அமெரிக்கக் கண்டத்துல பல இடத்துல தனித்தனியா நடந்திருக்கு. தாமஸ் ஜெஃபர்சன் 1810ல தன் தோட்டக் குறிப்புல சுருங்கின சோளம்னு எழுதி வெச்சிருக்கிறது இதைத்தான்.

அதுக்கு அடுத்த கதையை ஆராய்ச்சிக்காரங்களே தற்செயலாக் கண்டுபிடிச்சாங்க. இல்லினாய் பல்கலைக்கழகத்துல ஜான் லாஃப்னன்னு ஒரு மரபியல் பேராசிரியர். வேற ஏதோ ஆராய்ச்சிக்காக வெச்சிருந்த ரொம்பச் சுருங்கின மணியை வாயில போட்டு மென்னு பாத்திருக்கார். தித்திப்பு! இது வேற மரபணு, வேற கோளாறு. 1953ல கட்டுரை எழுதினார். 1960கள்ல சூப்பர் ஸ்வீட் கடைக்கு வந்தது. பழைய இனிப்புச் சோளத்தைப் பறிச்சு ஒருநாள் வெயில்ல வெச்சா சர்க்கரையில பாதி காணாமப் போயிடும். சூப்பர் ஸ்வீட்ல அப்படி ஆகாது, நாள் கணக்குல இனிப்பு நிக்கும். லாரியில ஏத்தி எங்க வேணா அனுப்பலாம். நம்மூர் தியேட்டர் வாசல்ல கப்புல போட்டு விக்கிறாங்களே, அந்த அளவுக்கு இது ஊர் சுத்துறதுக்கு இந்தக் குணம் ஒரு முக்கியக் காரணம்.

ஆனா கொடுத்த கையே எடுத்துக்கவும் செஞ்சது. மாவுச்சத்துதான் விதைக்குக் கட்டுச்சோறு. முளை மண்ணுக்கு மேல வந்து வெயில் பாக்கிற வரைக்கும் அதைத்தான் தின்னணும். சூப்பர் ஸ்வீட் விதையில கட்டுச்சோறு கம்மி. மண் குளிர்ந்திருந்தா முளைக்க நாளாகும், அதுக்குள்ள சோறு தீர்ந்து, பூஞ்சை புகுந்து, அழுகிடும். பழைய இனிப்பு ரகத்துக்கு மண் 13 டிகிரி செல்சியஸ் இருந்தாப் போதும். இதுக்கு 16, 18 வேணும். எங்க ஊர்ல மே மாசத்துல 18க்கு எங்க போறது?

அம்மாவோட கேள்விக்குப் பாதிப் பதில் கிடைச்சுடுச்சு. கோழித் தீவனச் சோளத்துக்கு நாத்து வேண்டாம், சூடான மண்ணுக்கும் வேண்டாம். குளிர்நாட்டுல இனிப்புக்கு ஆசைப்பட்டா வேணும்.

மீதிப் பதில் வேருல இருக்கு. சோளத்துக்கு வேரைத் தொட்டாப் பிடிக்காது. கத்திரி நாத்தைப் பிடுங்கி நட்டா ரெண்டு நாள் வாடிட்டு நிமிர்ந்துடும். சோளம் கோவிச்சுக்கும். சின்னக் கப்புல வேர் சுத்திக்கிச்சுன்னா 'நமக்கு ஆயுசு அவ்வளவுதான்'னு முடிவு பண்ணி அவசர அவசரமாப் பூவெடுக்கும். என் ரெண்டாம் வருஷத்துக் கதை அதுதான். அதனால நாத்து ரெண்டு வாரம், மிஞ்சிப்போனா மூணு வாரம். ஆழமான குழாய். நடும்போது அட்டையோட அப்படியே மண்ணுல இறக்கிடணும், அட்டை மக்கிப் போகும். அந்தக் காலத்துத் தோட்டக்காரங்க முலாம்பழம், வெள்ளரிக்குப் புல்கட்டியை வெட்டித் தலைகீழாத் திருப்பி அதுல விதை ஊணி, சாணச்சூட்டுப் பாத்தியில வெச்சு, கட்டியோட தூக்கி நட்டிருக்காங்க. அதே யோசனைதான்.

நடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பகல்ல வெளியே, ராத்திரி உள்ளேன்னு பழக்கணும். நடும்போது ஒரே நீள வரிசையா நடாம சதுரமா நடணும். சோளத்துக்குக் காத்துதான் தரகர். உச்சிப் பூவுலேர்ந்து மகரந்தம் கொட்டி, கதிர்ல தொங்குற பட்டு இழை ஒவ்வொண்ணு மேலயும் விழணும். ஒரு இழைக்கு ஒரு மணி. விழாத இழைக்குப் பொக்கைப் பல்தான்.

நிற்க. இப்போதான் சரித்திரம்.

மூணாவது வருஷம் நாத்து நடக் குழி வெட்டிக்கிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் வந்து நின்னார். "ஓக் மரத்து இலை அணிலோட காது அளவு வந்துடுச்சான்னு பாத்தியா? அதுக்கு அப்புறம்தான் சோளம் நடணும். இந்தியங்க சொன்னது"ன்னார். (இந்தியங்கன்னா நாம இல்லை, இங்க இருந்த பூர்வகுடிகள்.) நிமிர்ந்து பாத்தேன். அணில் காது அளவுக்கு வந்திருந்தது. அழகா இருக்கேன்னு சிரிச்சுட்டு, "அவங்க எந்தப் பக்கம் இருந்தாங்க?"ன்னு கேட்டேன். அவர் என் குழியைக் காட்டினார்.

அன்னிக்கு ராத்திரி படிக்க ஆரம்பிச்சதுதான்.

இந்த மண்ணு செனிகா மக்களோடது. ஹோடெனோஷோனின்னு தங்களைச் சொல்லிக்கிற, இரோகுவான்னு மத்தவங்க பேர் வெச்ச ஆறு இனக் கூட்டமைப்புல மேற்கு வாசலைக் காத்தவங்க. கொல்லை பெண்களோடது. சோளம், அவரை, பூசணி மூணையும் ஒரே மேட்டுல நடுவாங்க. மூணு சகோதரிகள்னு பேரு. சோளம் கொம்பு, அவரை அதைப் பிடிச்சு ஏறும், பூசணி இலை தரையை மூடிக் களையைத் தடுக்கும்.

அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. ஆறு இனத்துல பெரும்பாலானவங்க ஆங்கிலேயர் பக்கம் நின்னாங்க. ஒனைடா, டஸ்கரோரா மக்கள்ல அதிகம் பேர் அமெரிக்கர் பக்கம். 1778ல பென்சில்வேனியாவோட வயோமிங் பள்ளத்தாக்குலயும், செர்ரி வேலியிலயும் நடந்த தாக்குதல்கள்ல குடியேறிகள் பலர் செத்தாங்க. செர்ரி வேலியில பெண்களும் குழந்தைகளும் உண்டு. அதையும் சொல்லாம விட்டா நான் எழுதுறது சரித்திரம் ஆகாது.

அடுத்த வருஷம் 1779 மே 31ஆம் தேதி ஜார்ஜ் வாஷிங்டன் தளபதி ஜான் சல்லிவனுக்கு உத்தரவு எழுதினார். குடியிருப்புகளை முழுசா அழிக்கணும். நிலத்துல நிக்கிற பயிரை நாசம் பண்ணணும், மேற்கொண்டு நடவிடாமத் தடுக்கணும். கடைசி வரியைப் படிச்சப்போ என் கையில அன்னிக்கு நட்ட மண்ணு நகத்துக்குள்ள இருந்தது.

ஆகஸ்ட் 29ஆம் தேதி நியூடவுன்ல ஒரு சண்டை. பெரிய சண்டைன்னா அது ஒண்ணுதான். அதுக்கு அப்புறம் செப்டம்பர் கடைசி வரைக்கும் ஊர் ஊரா நடந்து போய் எரிச்சதுதான் போர். கானடசாகா, கனன்டைகுவா, ஜெனிசி. எல்லாம் நான் வாரக்கடைசியில காய்கறி வாங்கப் போற ஊர்களும் அதைச் சுத்தின இடங்களும். செனிகா மக்கள் முன்னாலயே கிளம்பிப் போயிட்டதால ஊர்கள் காலி, கொல்லை மட்டும் நிறைமாசம். சிப்பாய்கள் பலர் நாட்குறிப்பு எழுதியிருக்காங்க. வளமான மண்ணு, உயரமான சோளம், பீச் பழத்தோட்டம்னு வாயைப் பிளக்கிறாங்க, அடுத்த வரியில வெட்டினோம், எரிச்சோம்னு எழுதுறாங்க. அரை ரேஷன்ல இருந்த படைக்குச் சாப்பாடும் அந்தச் சோளம்தான். முத்தின கதிரைச் சீவறதுக்குத் தகரப் பாத்திரத்துல ஓட்டை போட்டுத் துருவியாக்கிக்கிட்டாங்க.

சல்லிவன் கொடுத்த கணக்கு: 40 ஊர், 1,60,000 புஷல் சோளம். ஒரு புஷல் உதுத்த மணி 25 கிலோன்னு வெச்சா ஏறத்தாழ 4,000 டன். அவ்வளவும் தீயில. அந்தக் குளிர்காலம் வர்றதுக்குள்ள ஆங்கிலேயரோட நயாகரா கோட்டை வாசல்ல 5,000 பேருக்கு மேல அகதியா நின்னாங்க. நியூயார்க் துறைமுகமே உறைஞ்சு போன குளிர்காலம் அது.

மேரி ஜெமிசன்னு ஒரு பெண். 1758ல சின்ன வயசுல பிடிபட்டு, செனிகா குடும்பத்துல மகளா வளர்ந்து, கடைசி வரைக்கும் அங்கேயே வாழ்ந்தவங்க. 1824ல வந்த அவங்க வாழ்க்கைக் கதையில இந்தக் காலம் இருக்கு. படை போன பிறகு திரும்பி வந்து பாத்தா ஒரு குழந்தைக்கு ஒருநாள் கொடுக்கக்கூட ஒண்ணும் மிச்சமில்லை. ரெண்டு குழந்தையை முதுகுல கட்டிக்கிட்டு, மூணு குழந்தையை நடத்திக் கூட்டிக்கிட்டு ஜெனிசி ஆத்தோரமா கார்டோங்கிற இடத்துக்குப் போறாங்க. அங்க எசமானர்கள்கிட்டேர்ந்து தப்பி வந்த ரெண்டு கறுப்பர்கள் சோளம் போட்டு வெச்சிருக்காங்க. படை கண்ணுல அது படலை. மேரியைக் கதிர் உரிக்கக் கூலிக்கு வெச்சுக்கிறாங்க. பத்துச் சரத்துக்கு ஒரு சரம் கூலி. அதுல ஒருத்தர், இந்தம்மாவுக்கு யாராலயும் ஆபத்து வந்துடக்கூடாதுன்னு தோட்டா போட்ட துப்பாக்கியோட பக்கத்துலயே நிப்பாராம். அதனால அவர் வேலை கெட்டுப் போனதுதான் மிச்சம்னு மேரி பின்னால நினைச்சு நினைச்சுச் சிரிச்சிருக்காங்க. நூறு சரம் சேர்ந்தது, 25 புஷல். அந்தக் குளிர்காலத்துல அஞ்சு குழந்தையும் பிழைச்சது அதுலதான்.

இதை நான் தமிழ்ல அம்மாவுக்குச் சொன்னேன். பத்துக்கு ஒண்ணு கூலின்னதும் அம்மா, "கதிர் அறுக்கப் போனா எங்களுக்கும் அப்படித்தான் அளப்பாங்க"ன்னாங்க. அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை.

இப்போ இனிப்புச் சோளத்துக்கு வர்றேன். மாசசூசெட்ஸ்ல பிளிமத் ஊர்க்காரங்க சொல்லிக்கிட்ட ஒரு கதை உண்டு. சல்லிவன் படையில இருந்த ரிச்சர்ட் பேக்னல்ங்கிற அதிகாரி 1779ல திரும்பி வரும்போது கொஞ்சம் இனிப்புச் சோள விதையைக் கொண்டு வந்தார், நியூ இங்கிலாந்துக்கு இனிப்புச் சோளம் அப்படித்தான் வந்ததுன்னு. கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஒரே வழியாத்தான் வந்ததுன்னு சொல்லவும் முடியாது. ஆனா அந்த ஊர்க்காரங்களே பெருமையாச் சொல்லிக்கிட்ட கதை இது. எரிச்ச கொல்லையிலேர்ந்து ஒரு பிடி விதையைப் பையில போட்டுக்கிட்டு வந்தோம்னு.

போர் முடிஞ்சதும் அந்த நாட்குறிப்புல எழுதின 'வளமான மண்ணு' சும்மா இருக்குமா? 1788ல ஃபெல்ப்ஸ், கோரம்னு ரெண்டு பேர் செனிகா மக்கள்கிட்டேர்ந்து ஏறத்தாழ 26 லட்சம் ஏக்கரை எழுதி வாங்கிட்டாங்க. நான் நாத்து நடுற இருபதுக்குப் பதினஞ்சு அடியும் அதுக்குள்ளதான் இருக்கு.

1790ல செனிகா தலைவர் ஒருத்தர் பிலடெல்பியாவுக்குப் போய் வாஷிங்டன்கிட்டயே பேசினார். உங்களை நாங்க ஊரழிச்சவர்னு கூப்பிடறோம், அந்தப் பேரைக் கேட்டா இன்னிக்கும் எங்க பெண்கள் திரும்பிப் பாத்து வெளிறிப் போறாங்க, குழந்தைங்க அம்மா கழுத்தைக் கட்டிக்குதுங்கன்னு சொன்னார். ஆங்கிலத்துல அவருக்கு வழங்கின பேர் கார்ன்பிளான்டர். சோளம் நடுறவர்.

போன ஆகஸ்ட்ல அம்மாவைக் கூட்டிக்கிட்டு கனொன்டகன் போனேன். விக்டர் ஊர்ப் பக்கம். அது 1687ல பிரெஞ்சுக்காரங்க படையெடுத்து வந்தப்போ அழிஞ்ச செனிகா ஊர், இப்போ மாநில வரலாற்றுச் சின்னம். (ஆமா, சல்லிவனுக்கு நூறு வருஷம் முன்னாடியும் இதே கதை.) அங்க செனிகா மக்களோட வெள்ளைச் சோளத்தை மறுபடி வளர்த்து, தோல் நீக்கி விக்கிறாங்க. நாங்க ஒரு பை மாவு வாங்கினோம். அம்மா அதுல தோசை சுட்டாங்க. வறுத்த வாசனை. நல்லாவே இருந்தது.

கிளம்பும்போது அந்த வெள்ளைச் சோளத்துல நாலு விதை கேட்டு வாங்கலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. தோட்டக்காரன் புத்தி. கணக்கும் போட்டாச்சு: இனிப்புச் சோளத்தை நாத்து விட்டு முன்னாடியே நட்டுட்டா ரெண்டும் பூவெடுக்கிறதுக்கு நடுவுல ரெண்டு வாரம் இடைவெளி கிடைக்கும், மகரந்தம் கலக்காது, இனிப்பும் கெடாது. எல்லாம் சரியா வரும். ஆனா கேட்கலை. பேக்னலும் இப்படி ஒரு பிடிதானே எடுத்திருப்பார்னு தோணிடுச்சு. அவங்களா ஒருநாள் கொடுத்தா வாங்கிக்கிறேன்.

அம்மா கேட்டாங்க, "ஏன்டா, விதை வாங்கிட்டு வந்திருக்கலாமே?" "அடுத்த தடவை பாக்கலாம்மா"ன்னேன்.

சரி, அந்த வருஷ நாத்து என்னாச்சுன்னு சொல்லலையே. இருபத்தெட்டு விதை போட்டேன், இருபத்துமூணு முளைச்சுது. பதினாறு நாள் ஆனதும் அஞ்சுக்கு நாலா இருபது நட்டேன். காக்கா தொடலை, நாத்து பெருசா இருந்தா அதுக்குப் பிடுங்கத் தோணாது போல. பட்டு இழை காய்ஞ்சு பழுப்பாகி, நகத்தால மணியைக் கீறினாப் பால் வர்ற பக்குவத்துக்கு ஆகஸ்ட் முதல் வாரம் வந்தது. நாளைக்குப் பறிக்கலாம்னு நாங்க தூங்கப் போன ராத்திரியில ரக்கூன் வந்து பதினொண்ணைத் தின்னுட்டுப் போயிடுச்சு. அதுக்கும் எப்படியோ தேதி தெரிஞ்சிருக்கு.

மிச்சத்தைப் பறிச்ச பத்தாவது நிமிஷம் கொதிக்கிற தண்ணியில போட்டோம். அம்மா ஒரு கதிரைக் கடிச்சுட்டு, "இதைப் போய்க் கோழிக்குப் போடறோமே"ன்னாங்க. அது வேற ரகம்மான்னு விளக்க ஆரம்பிச்சேன். அவங்க கேட்கலை, ரெண்டாவது கதிரை எடுத்துட்டாங்க.

இந்த வருஷமும் குழாய் எல்லாம் சேத்து வெச்சாச்சு. ஓக் மரம் இன்னும் மொட்டுலதான் இருக்கு. தினம் காலையில போய் இலையைப் பாத்துட்டு வர்றேன்.